கேரியர் உடைஞ்ச கதை: தனி சீட் வண்டியில எடை எங்கே இறங்குது?

இந்த எபிசோடுல கோடிங், ஆப் எதுவும் கிடையாது. இரும்பு, போல்ட், வெல்டிங் பத்தி மட்டும்தான். தனி சீட் வண்டிக்கு லக்கேஜ் கேரியர் போடலாமான்னு உங்கள்ல சில பேர் கேட்டிருந்தீங்க. தாராளமா போடலாம். ஆனா நான் முதல்ல போட்ட மாதிரி போடாதீங்க. அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் இருக்கிறது சோழவரம். ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்ல. வண்டி 2012 மாடல் கிளாசிக் 350, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. அப்போ ராயல் என்ஃபீல்டுக்கு ஒரகடம் தொழிற்சாலை வரலை, எல்லாம் திருவொற்றியூர்தான். அதனால இது கிட்டத்தட்ட எங்க பக்கத்து ஊர் வண்டி. ஸ்பிரிங் வச்ச ஒத்தை சீட்டோட அழகு முழுசா தெரியணும்னு, வாங்கின அன்னைக்கே பின் சீட்டைக் கழற்றிப் பரண்ல போட்டேன். அம்மா ஒரு மாசம் அதையே சொல்லிக் காட்டினாங்க.

ஆறு மாசம் கழிச்சு, லேப்டாப் பையைத் தோள்ல மாட்டி முதுகு வலிச்சதும் கேரியர் ஞாபகம் வந்தது. ஒரு ஆக்சசரி கடையில ரெடிமேடா ஒண்ணு வாங்கினேன். 12 மி.மீ. கெட்டி ராடுல செஞ்சது. கையில தூக்கினா நல்ல கனம். கனமா இருந்ததால ஸ்ட்ராங்னு நினைச்சேன். பின் சீட்டைக் கழற்றின இடத்துல மட்கார்டு மேல போல்ட் ஓட்டைகள் இருந்தன. அதுலயே மாட்டிக் கொடுத்தாங்க. பத்து நிமிஷ வேலை. மட்கார்டோட வளைவுக்கு மேல ஏறி, பின்பக்கமா ஒரு தட்டு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும்.

லேப்டாப் பைக்கு அது போதுமா இருந்தது. நாலு மாசம் ஓடியது. அப்புறம் ஒருநாள் லீவுல, செங்குன்றம் மண்டியில அரிசி மூட்டை வாங்கிட்டு வரச் சொன்னாங்க. 26 கிலோ மூட்டை. (25 கிலோ வரை பாக்கெட் பண்ணின அரிசிக்கு 2022-ல ஜிஎஸ்டி வந்ததும், ஒரு கிலோ கூட்டிப் போட்டு 26 ஆக்கினாங்க, அந்த மூட்டைதான்.) மூட்டையை வச்சு, ரப்பர் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிட்டு ஜிஎன்டி ரோட்டுல கிளம்பினேன்.

பாடியநல்லூர் தாண்டி ஒரு பள்ளம். பெரிய பள்ளம்கூட இல்ல. பின்னாடி "டக்"னு ஒரு சத்தம். அப்புறம் வண்டி திடீர்னு லேசாயிடுச்சு. கண்ணாடியில பாத்தா மூட்டை ரோட்டுல கிடக்கு, கிழிஞ்சு அரிசி சிதறியிருக்கு. அதுக்கு நேர் பின்னால ஸ்கூட்டர்ல ஒரு அம்மா, முன்னாடி ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பையன். அவங்க பிரேக் பிடிச்சதும் டயர் அரிசி மேல வழுக்கியது. வண்டி ஒரு பக்கம் சாஞ்சு, காலை ஊன்றி, எப்படியோ நின்னுட்டாங்க. அவங்களுக்குப் பின்னால ஒரு கன்டெய்னர் லாரி. எங்க ரோடு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அங்கே எப்பவுமே பின்னால ஒரு கன்டெய்னர் லாரி இருக்கும். டிரைவர் தூரத்திலேயே பாத்து வேகத்தைக் குறைச்சிருந்தார்.

அந்த அம்மா என்னைத் திட்டவே இல்ல. பையன் கையைப் பிடிச்சுப் பாத்தாங்க, ஷூவுல ஒட்டின அரிசியைத் தட்டிவிட்டாங்க, போயிட்டாங்க. இந்த எபிசோடைப் பதிவு பண்றதுக்குக் காரணம் அந்த ஒரு நிமிஷம்தான்.

உடைஞ்ச கேரியரை எங்க ஊர்ல இருக்கிற ஒரு வெல்டிங் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். லாரி பாடி வேலை செய்யிற அண்ணன் ஒருத்தர் நடத்துறார். வெல்டிங் மறுபடி வச்சுக் கொடுங்கண்ணேன்னு கேட்டேன். அவர் உடைஞ்ச முனையை வெளிச்சத்துல திருப்பிக் காட்டினார்.

"இதைப் பாத்தியா தம்பி? இந்தப் பக்கம் துரு, அந்தப் பக்கம் பளபளன்னு இருக்கு. பளபளப்புதான் இன்னைக்கு உடைஞ்சது. துரு புடிச்சது எப்பவோ விட்டுப் போச்சு. நீ மூட்டை வைக்கலன்னாலும் இது ஒருநாள் உழுந்திருக்கும்."

மட்கார்டுலயும் அதே கதைதான். இடது போல்ட் ஓட்டையைச் சுத்தி தகடு நட்சத்திரம் மாதிரி வெடிச்சு, போல்ட் தலையே உள்ளே போயிருந்தது. முதல்ல அந்தத் தகடு விட்டிருக்கு. மொத்தப் பாரமும் வலது ராடுக்கு மாறியிருக்கு. வெல்டிங் ஓரத்துல ஏற்கனவே விரிசல் விட்டிருந்த ராடு, அந்தப் பள்ளத்துல முறிஞ்சிருக்கு.

இதுக்கு உலோகச் சோர்வுன்னு பேரு. ஒரு கம்பியை ஒரே தடவை வளைச்சா உடையாது, முன்னும் பின்னுமா இருபது தடவை வளைச்சா உடையுதுல்ல, அதேதான். ஜெர்மனியில ஆகஸ்ட் வோலர்னு ஒரு ரயில்வே இன்ஜினியர், ரயில் அச்சுகள் ஏன் திடீர்னு முறியுதுன்னு 1850, 60-கள்ல வருஷக்கணக்கா சோதனை பண்ணினார். இரும்பு ஒரே தடவையில தாங்குற எடையைவிட ரொம்பக் குறைஞ்ச எடைகூட, லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்தா அதை முறிச்சிடும்னு காட்டினார்.

பைக்ல அந்த லட்சம் எங்கிருந்து வருதுன்னு ஒரு சின்னக் கணக்கு போடுவோம். என் வண்டி ஒத்தை சிலிண்டர். 2021-ல வந்த புது கிளாசிக்ல அதிர்வைக் குறைக்கிற பேலன்சர் ஷாஃப்ட் இருக்கு, பழைய இன்ஜின்ல அது கிடையாது. நிமிஷத்துக்கு 2,500 சுற்று ஓடினா, சுற்றுக்கு ஒரு உலுக்கல்னு வச்சாலும் ஒரு மணி நேரத்துல ஒன்றரை லட்சம். ஆபீஸ் போய் வர ரெண்டு மணி நேரம், அதாவது ஒரு நாளைக்கு மூணு லட்சம். மாசம் 22 வேலை நாள், நாலு மாசம்: 2 கோடியே 64 லட்சம். ரோட்டுப் பள்ளங்கள் தனி.

சரி, அந்த ராடுக்கு வருவோம். இன்ஜினியரிங் படிச்ச நாள்லேர்ந்து பீம் கணக்கை நான் எதுக்குமே பயன்படுத்தினதில்ல. அன்னைக்கு ராத்திரி உக்காந்து போட்டேன். 26 கிலோ மூட்டையோட நடுப்பகுதி, போல்ட்லேர்ந்து சுமார் 25 செ.மீ. பின்னால இருந்தது. ரெண்டு ராடு. வண்டி அசையாம நிக்கும்போதே, சாதாரண மைல்டு ஸ்டீல் நிரந்தரமா வளையிற எல்லையில முக்கால் பங்கு வரைக்கும் அந்த ராடுகள் போயிருந்தன. பள்ளத்துல இறங்கினா எடை ரெண்டு மடங்கு, மூணு மடங்கா இறங்கும். அப்போ கணக்கே முடிஞ்சு போச்சு.

இப்ப அதே இடத்துல முக்கால் இஞ்ச், 16 கேஜ் பைப் போட்டா? வெளி விட்டம் 19 மி.மீ., சுவர் 1.6 மி.மீ. மீட்டருக்கு சுமார் 690 கிராம். அந்தக் கெட்டி ராடு மீட்டருக்கு 890 கிராம். பைப் 200 கிராம் குறைச்சல், ஆனா வளையாம தாங்குற சக்தி ரெண்டு மடங்குக்கு மேல. காரணம் சிம்பிள். ஒரு பொருள் வளையும்போது வெளி ஓரம்தான் இழுபடுது, நசுங்குது. நடுவுல இருக்கிற இரும்பு பெரும்பாலும் சும்மா உக்காந்திருக்கு. மூங்கில் உள்ளே காலியா இருந்தும் ஏன் காத்துக்குத் தாங்குது? அதனாலதான். நான் கையில தூக்கிப் பாத்து நம்பின கனத்துல பாதி, வேலையே செய்யாத இரும்பு.

ஆனா பைப் மாத்தினா மட்டும் போதாது. பட்டறை அண்ணன் கேட்ட முதல் கேள்வி பைப்பைப் பத்தியே இல்ல. "வெயிட்டு எங்க எறங்குது?"ன்னுதான் கேட்டார்.

தனி சீட் வண்டியோட பிரச்சினையே இதுதான். சாதாரண வண்டியில பின்னால ஒருத்தர் உக்காருவார்னு வடிவமைக்கும்போதே முடிவு பண்ணி, அந்த அறுபது எழுபது கிலோ போறதுக்குச் சீட்டுக்கு அடியில சேஸ் பைப்பையே நீட்டியிருப்பாங்க. தனி சீட் வண்டியில அந்த வழி பாதியில நின்னுடும், இல்ல இருக்கவே இருக்காது. ஜாவா பெராக் மாதிரி ஒருத்தருக்கு மட்டும்னு செஞ்ச வண்டியைப் பாருங்க, சீட்டு அந்தரத்துல மிதக்குற மாதிரி இருக்கும். 2024-ல வந்த கோவன் கிளாசிக்ல பின் சீட்டை அதோட தாங்கிச் சட்டத்தோடவே கழற்றி எடுத்துடலாம். சீட்டைக் கழற்றும்போது சட்டமும் போயிடுச்சுன்னா, பின்னால மிச்சம் இருக்கிறது மட்கார்டுதான். மட்கார்டுங்கிறது சேறு தெறிக்காம இருக்க வச்ச தகடு.

எங்க ஊர்ப் பேரைச் சொன்னா பெரியவங்க "ரேஸ் நடந்த ஊர்தானே?"ன்னு கேப்பாங்க. ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ரேஸ் நடத்தியது, 1990-ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வர்ற வரைக்கும். ரேஸுக்குப் போற வண்டியில தேவையில்லாதது எல்லாத்தையும் கழற்றிப் போடுவாங்க, எடை குறையணும்ங்கிறதுக்காக. தனி சீட்டு, வெட்டின மட்கார்டு இதெல்லாம் அந்த மனசுலேர்ந்து வந்த ஸ்டைல். எடையைக் குறைக்கப் பிறந்த ஸ்டைல்ல நான் அரிசி மூட்டை ஏத்தினேன்.

இதுக்கு நேர் எதிர் டிவிஎஸ் எக்ஸ்எல். எங்க அப்பா ஓட்டுறது அதுதான். முக்கால்வாசி சரக்கு முன்னால, கால் வைக்கிற இடத்துல, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல, தரைக்குப் பக்கத்துல போகும். பால்காரங்க கேனை எப்படி மாட்டுறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? ரெண்டு பக்கமும் தொங்கவிட்டு, கீழே. யாரும் அவங்களுக்குப் பீம் கணக்கு சொல்லித் தரலை. பின் அச்சுக்குப் பின்னால எடை போகப் போக, வண்டி ஒரு ஏற்றமரம் மாதிரி முன் சக்கரத்தைத் தூக்கப் பாக்கும். என் வண்டியில ரெண்டு சக்கரத்துக்கும் இடைவெளி சுமார் 1,370 மி.மீ. 26 கிலோவை அச்சுக்கு 30 செ.மீ. பின்னால வச்சா, பின் சக்கரத்துக்கு கிட்டத்தட்ட 32 கிலோ ஏறும், முன் சக்கரத்துலேர்ந்து 6 கிலோ குறையும். கேட்க கம்மியா இருக்கலாம். ஆனா மழையில திரும்பும்போது முன் டயருக்குத் தரையில இருக்கிற பிடிப்புதான் நம்ம சொத்து.

அதனால புதுக் கேரியருக்கு நாங்க வச்ச விதி ரெண்டுதான். தட்டு பின்னால நீட்டாம, பழைய பின் சீட்டு இருந்த இடத்திலேயே உக்காரணும். மட்கார்டை எங்கேயும் தொடவே கூடாது.

கால்கள் எங்கே போகும்? முன் ரெண்டு கால் ஷாக் அப்சார்பரோட மேல் போல்ட்டுக்கு. வண்டியோட பின்பக்க எடை முழுக்க அங்கே வழியாத்தான் சக்கரத்துக்கு இறங்குது, அதைவிடக் கெட்டியான இடம் பின்னால கிடையாது. பின் ரெண்டு கால், மட்கார்டைத் தாங்குற கம்பி சேஸோட சேர்ற இடத்துக்கு. முன் காலுக்கும் பின் காலுக்கும் நடுவுல ஒரு குறுக்குச் சாய்வு பைப். பக்கவாட்டுல பாத்தா முக்கோணம். முக்கோணம் ஆனதும் பைப் வளையிற வேலையை விட்டுட்டு, இழுக்கிற, அழுத்துற வேலையைப் பண்ண ஆரம்பிக்கும். அதை இரும்பு ரொம்ப நல்லாப் பண்ணும்.

உங்க வண்டி பாபர் ஸ்டைல்னா இன்னொண்ணு பாக்கணும். சில வண்டிகள்ல பின் மட்கார்டு ஸ்விங் ஆர்ம்ல மாட்டியிருக்கும், சக்கரத்தோட சேந்து மேலும் கீழும் ஆடும். சீட்ல உக்காந்து ரெண்டு தடவை குதிச்சுப் பாருங்க, நண்பரைப் பக்கத்துல நின்னு கவனிக்கச் சொல்லுங்க. மட்கார்டு சக்கரத்தோட போகுதுன்னா, கேரியர் சேஸ்ல மட்டும்தான் நிக்கணும், சக்கரம் முழுசா ஏறினாலும் அதுல முட்டாத இடைவெளி வேணும். ஒரு கால் சேஸ்ல, ஒரு கால் ஸ்விங் ஆர்ம்லன்னு போட்டா முதல் ஸ்பீட் பிரேக்கர்லயே பிச்சுக்கும். ஸ்பிரிங் சீட்டுக்கும் இதே கவனிப்பு வேணும். நான் உக்காந்தா சீட்டு நாலு விரல் அளவு இறங்கி, கொஞ்சம் பின்னாலயும் வருது. அதனால சீட்டுக்கும் கேரியருக்கும் நடுவுல 6 செ.மீ. விட்டோம்.

பட்டறையில ரெண்டு சாயங்காலம் ஆச்சு. முதல்ல அட்டையும் கட்டுக்கம்பியும் வச்சு மாடல். அப்புறம் பைப். ஜிஐ பைப் வேண்டாம்னு அண்ணன் முதல்லயே சொல்லிட்டார். வெல்டிங் சூட்டுல அதுமேல இருக்கிற துத்தநாகம் புகையா வரும், மூச்சுக்குக் கெடுதல். மெல்லிசுப் பைப்புக்கு ராடு வெல்டிங்கைவிட சிஓடூ வெல்டிங் நல்லது, ஓட்டை விழாது. பேட்டரி வயரைக் கழற்றிட்டு, வண்டியிலேயே வச்சு அங்கங்கே புள்ளி மட்டும் வச்சார். முழு வெல்டிங் கீழே இறக்கின பிறகுதான். சேஸ்ல நேரடியா வெல்டிங் வைக்கவே கூடாது. அந்தச் சூடு பட்ட இடம்தான் நாளைக்கு விரிசல் விடும்.

இங்கதான் எங்களுக்குள்ள ஒரு சின்னத் தகராறு. முழு வெல்டிங் ஆறினதும் இரும்பு சுருங்கி, வலது பின் காலோட ஓட்டை 3 மி.மீ. தள்ளிப் போயிருந்தது. மணி எட்டரை. எனக்கு ஒன்பது மணிக்குக் கால்.

"அண்ணே, கொஞ்சம் நெம்பி போல்ட்டைப் போட்டுடலாமே?"

"போடலாம். உட்கார்ந்துக்கும். ஆனா மாட்டும்போதே அது வளைஞ்சுதான் நிக்கும். மூட்டையே வைக்காம மூட்டை வச்ச மாதிரி. ஏற்கனவே ஒண்ணு உடைச்சிட்டு வந்தவன்தானே நீ?"

வாயை மூடிக்கிட்டேன். காலை வெட்டி, ஒட்டி, மறுபடி வச்சார். கால் மிஸ் ஆச்சு, மேனேஜர்கிட்ட நெட்வொர்க் இல்லன்னு சொன்னேன். [சிரிப்பு]

போல்ட் விஷயத்துல கவனிக்க வேண்டியது: தலையில 8.8-ன்னு எழுதியிருக்கிற போல்ட், நைலான் வளையம் வச்ச நட்டு. கேரியரோட பட்டை நடுவுல வந்ததும் பழைய போல்ட்ல இழை பத்தாமப் போகலாம். நட்டுக்கு வெளியே ரெண்டு மூணு இழை தெரியணும், தெரியலைன்னா நீளமான போல்ட் மாத்துங்க. ஷாக் அப்சார்பர் கண்ணுல ரப்பர் புஷ் இருக்கும். அதைப் பட்டையால நசுக்கிடாதீங்க, அது சுதந்திரமாத் திரும்பணும். பவுடர் கோட்டிங் கொடுக்கிறதுக்கு முன்னாடி, மூடின பைப்ல அடிப்பக்கமா ஒரு சின்ன ஓட்டை போடச் சொல்லுங்க. அடுப்புச் சூட்டுல உள்ளே இருக்கிற காத்து வெளியே போகவும், அப்புறம் மழைத்தண்ணி வடியவும் அதுதான் வழி. பைப், கூலி, கோட்டிங் எல்லாம் சேத்து எனக்கு 2,800 ரூபாய் ஆச்சு. ரெடிமேடைவிட ஆயிரம் ரூபாய் ஜாஸ்தி.

சட்டத்தைப் பத்தியும் கேட்டிருந்தீங்க. சுருக்கமா சொல்றேன். 2020-ல மத்திய மோட்டார் வாகன விதிகள்ல ஒரு திருத்தம் வந்தது. பின் சீட்டுக்குப் பின்னால வைக்கிற பெட்டி 550 மி.மீ. நீளம், 510 அகலம், 500 உயரத்துக்கு மேல போகக் கூடாது. பின் சீட்டு இடத்திலேயே பெட்டி வச்சா ஓட்டுறவர் மட்டும்தான் போகலாம். நம்பர் பிளேட், பிரேக் லைட், இண்டிகேட்டர் எதையும் லக்கேஜ் மறைக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை மூட்டை கட்டின பிறகு பின்னால போய் நின்னு பாருங்க, கட்டுறதுக்கு முன்னாடி இல்ல.

டெஸ்ட்டுக்கு முழு 20 லிட்டர் தண்ணி கேனைக் கட்டினேன். நட்டு மேலயும் பட்டை மேலயும் சேத்து மார்க்கர்ல ஒரு கோடு போட்டேன். நட்டு லூஸ் ஆனா கோடு விலகும். ஷாக் அப்சார்பரை ஒரு படி இறுக்கி, பின் டயர்ல காத்தை மேனுவல்ல சொன்ன அளவுக்கு ஏத்தி, சர்வீஸ் ரோட்டுல ஸ்பீட் பிரேக்கர் மேல ஏறி ஏறி இறங்கினேன். டீக்கடையில இருந்தவங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. 50 கிலோமீட்டர்ல ஒரு கோடு ஒரு நூல் அளவு விலகியிருந்தது, இறுக்கினேன். 200-ல பாத்தேன், எதுவும் நகரலை. இப்பவும் மாசம் ஒரு தடவை வெல்டிங் ஓரத்தைத் துணியால துடைச்சு, டார்ச் அடிச்சுப் பாக்குறேன். பெயிண்ட்ல முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா அன்னைக்கே கழற்றிடணும்.

கணக்குப்படி இது 26 கிலோவையும் தாங்கும். ஆனாலும் தட்டுக்கு அடியில வெள்ளைப் பெயிண்ட்ல "15 கிலோ"ன்னு எழுதி வச்சிருக்கேன். லேப்டாப், மைக், ஒரு மாத்துத் துணி, மழைக்கோட்டு, எல்லாம் சேத்தாலும் எட்டு கிலோ வராது. அரிசி மூட்டை இப்போ அப்பாவோட எக்ஸ்எல்ல, முன்னால வருது. நான் பின்னால வண்டியில வர்றேன், கொஞ்சம் இடைவெளி விட்டு.